தம் உள்ளத்தையே விசாரித்த இமாம்

மனிதன் ஏன் இப்படி நடந்து கொள்கிறான் என்னும் கேள்வி மிகப் பழமையானது. சரித்திர ஆசிரியர்களும் கதாசிரியர்களும் இக்கேள்விக்கு விடை தேடினார்கள். நம் காலத்து ஆய்வாளர்கள் கேள்வித்தாள்களையும் சோதனைகளையும் கொண்டு அதே விடையைத் தேடுகிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் எடை போடுவது பிறருடைய நடத்தையைத்தான். ஆனால் 900 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பேரறிஞர் மனித உள்ளத்தை ஆராயப் புகுந்தபோது, குற்றவாளிக் கூண்டில் முதன் முதலாக நிறுத்தியது தம்மையே. அவர்கள்தாம் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் அபூ ஹாமித் முஹம்மதுல் கஸ்ஸாலி ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்கள்.

அன்னாரின் திருப்பெயரைக் கேள்விப்படாத முஸ்லிம் இல்லம் நம்மிடையே அரிது. ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு கிதாபுகளை ஓதுகிறவர்கள் அன்னாரின் வாரிசுகளாகவே ஓதுகிறார்கள் என்று சொன்னால் மிகையாகாது. இமாமவர்களின் ‘வஜீஸ்’ என்னும் நூலுக்கு இமாம் ராஃபிஈ (ரஹ்) விரிவுரை எழுதினார்கள். அவ்விரிவுரையைச் சுருக்கி இமாம் நவவீ (ரஹ்) ‘ரவ்ளா’வை எழுதினார்கள். சட்டத் துறையில் இவ்வளவு பெரிய இடம் பெற்ற ஒருவர், தம் வாழ்வின் நடுவில் எல்லாவற்றையும் விட்டு ஏன் வெளியேறினார்கள்? வெளியேறி எதைக் கண்டார்கள்? இவ்விரு கேள்விகளையே இங்கு நாம் விளக்க முற்படுகிறோம்.

இளமையும் கல்வியும்

குராஸான் நாட்டில், இன்றைய ஈரானின் மஷ்ஹத் நகருக்கு அருகில் இருந்த தூஸ் என்னும் ஊரில் இமாமவர்கள் பிறந்தார்கள். ஹிஜ்ரி 450 (கி.பி. 1058) என்பது பெரும்பாலான சரித்திர நூல்கள் தரும் ஆண்டு. தந்தையார் கம்பளி நூற்று விற்று ஜீவனம் நடத்திய ஏழை. உலமாக்களின் சபையில் போய் அமர்ந்து, அவர்களைப் போன்ற பிள்ளைகள் தமக்கு வாய்க்க வேண்டுமென்று ஏங்கியவர். மரணம் நெருங்கியபோது முஹம்மது, அஹ்மது என்னும் தம் இரு மைந்தர்களையும், தம்மிடமிருந்த சொற்பப் பணத்தையும் ஒரு ஸூஃபி நண்பரிடம் ஒப்படைத்து, பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டுமாறு வேண்டிக்கொண்டார்.

பணம் தீர்ந்தது. அந்த நண்பரும் ஏழைதான். மத்ரஸாவில் மாணவர்களாகச் சேர்ந்துகொள்ளுங்கள், அங்கே உணவு கிடைக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார். பிற்காலத்தில் இதை நினைவுகூர்ந்த இமாமவர்கள், தாங்கள் கல்வியைத் தேடியது அல்லாஹ்வுக்காக அல்ல என்றும், ஆனால் கல்வியோ அல்லாஹ்வுக்கென்றே தவிர இருக்க மறுத்துவிட்டது என்றும் பொருள்பட உரைத்ததாக இமாம் தாஜுத்தீன் சுப்கீ (ரஹ்) எழுதுகிறார்கள். வயிற்றுக்காக மத்ரஸாவின் வாசற்படி ஏறியதை மறைக்காமல் சொன்ன இந்த நேர்மைதான் பின்னால் நடந்த அனைத்துக்கும் வித்தாக இருந்தது.

தூஸில் ஆரம்பக் கல்வி பெற்றபின் ஜுர்ஜானுக்குச் சென்று ஓதினார்கள். திரும்பும் வழியில் கொள்ளையர் பாய்ந்து உடைமைகளைப் பறித்துக்கொண்டார்கள். பொருள் போனதற்கு இமாமவர்கள் கலங்கவில்லை; பாடங்களை எழுதி வைத்திருந்த ஏடுகளை மட்டுமாவது கொடுத்துவிடும்படி கொள்ளையர் தலைவனைப் பின்தொடர்ந்து சென்று கெஞ்சினார்கள். ஏடுகளைப் பறித்தவுடன் பறிபோகும் கல்வி என்ன கல்வி என்று அவன் நகைத்துவிட்டு அவற்றைத் திருப்பிக் கொடுத்தான். அந்த நகைப்பை இமாமவர்கள் இறைவன் தமக்கு அனுப்பிய புத்திமதியாக எடுத்துக்கொண்டு, மூன்று ஆண்டுகள் உழைத்து எழுதியவற்றையெல்லாம் மனனம் செய்தார்கள். குத்திக் காட்டியவன் யாரென்று பாராமல் குத்திய சொல்லின் உண்மையைப் பார்த்த இந்தக் குணத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

அதன்பின் நிஷாப்பூருக்குச் சென்று, இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்) அவர்களின் முன்னிலையில் மண்டியிட்டு அமர்ந்தார்கள். ஃபிக்ஹு, உஸூல், கலாம், தர்க்கம் ஆகிய கலைகளில் தேர்ந்தார்கள். ஹிஜ்ரி 478-ல் (கி.பி. 1085) உஸ்தாத் மறைந்தார்கள். பிறகு ஸல்ஜூக் பேரரசின் வஜீர் நிஜாமுல் முல்க்கின் சபையை அடைந்து, அங்கு கூடியிருந்த அறிஞர்களையெல்லாம் விவாதத்தில் வென்றார்கள்.

புகழின் உச்சியில்

ஹிஜ்ரி 484-ல் (கி.பி. 1091) பாக்தாத் நிஜாமிய்யா மத்ரஸாவின் தலைமைப் பேராசிரியராக இமாமவர்கள் நியமிக்கப்பட்டார்கள். அப்போது வயது 34. அக்காலத்தில் ஓர் ஆலிமுக்குக் கிட்டக்கூடிய பதவிகளில் இதனினும் உயர்ந்ததைக் காண்பது கடினம். 300 மாணவர்கள் அன்னாரிடம் பாடம் கேட்டார்கள். கலீஃபாவின் அரண்மனையும் சுல்தானின் அதிகாரிகளும் அன்னாருக்கு மரியாதை செய்தார்கள். ஓய்வு கிடைத்த நேரங்களில் தாமாகவே தத்துவ நூல்களைப் படித்து, தத்துவ அறிஞர்களின் பிழைகளை எடுத்துக்காட்டும் ‘தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா’வையும் எழுதினார்கள்.

இதற்கிடையில் கி.பி. 1092-ல் நிஜாமுல் முல்க் கொலையுண்டார். சில வாரங்களில் சுல்தான் மலிக்ஷாவும் மரணமடைந்தார். மலைபோல் நின்றவர்கள் மறைந்தது அன்னாரின் கண்முன் நடந்தது.

அப்போதுதான் இமாமவர்கள் தம்மை விசாரிக்கத் தொடங்கினார்கள். அபூ தாலிப் மக்கீ (ரஹ்) அவர்களின் ‘கூத்துல் குலூப்’, ஹாரிதுல் முஹாஸிபீ (ரஹ்) அவர்களின் நூல்கள் ஆகியவற்றை ஓதினார்கள். முஹாஸிபீ என்ற பெயருக்கே தன்னைக் கணக்குக் கேட்பவர் என்பது பொருள். ஓத ஓத ஓர் உண்மை புலப்பட்டது. பசியின் இலக்கணத்தை அறிவது வேறு, பசித்திருப்பது வேறு. பற்றறுத்தலைப் பற்றிப் பாடம் நடத்துவது வேறு, பற்றற்று வாழ்வது வேறு.

தம் அமல்களில் சிறந்தது எது என்று எண்ணிப் பார்த்தார்கள். தீன் கல்வியைப் போதிப்பதுதான் என்று தெரிந்தது. அதன் நிய்யத்தை ஆராய்ந்தார்கள். அல்லாஹ்வின் திருப்பொருத்தத்தை நாடித் தூய்மையாகச் செய்யப்பட்டதாக அது இல்லை. பதவியும் பேரும் பரவ வேண்டும் என்னும் ஆசையே அதைத் தூண்டி இயக்கியதாகக் கண்டார்கள். ஒரு பெரிய பாவத்தைத் தம்மிடம் கண்டு அஞ்சுகிறவர்கள் உண்டு. தம்முடைய மிகச் சிறந்த நன்மையைப் பிரித்துப் பார்த்து அதற்குள் இருந்ததைக் கண்டு அஞ்சியவர்கள் எத்தனை பேர்?

நா எழவில்லை

அஞ்சியவுடன் எழுந்து புறப்பட்டுவிட்டார்களா என்றால், இல்லை. இவ்விடத்தில்தான் இமாமவர்கள் மனித இயல்பை நமக்கு உள்ளபடி காட்டுகிறார்கள். காலையில் பாக்தாதை விட்டுப் போக வேண்டுமென்று உறுதி கொள்வார்கள். மாலையில் அவ்வுறுதி கலைந்துவிடும். இது தற்காலிகமான மனச்சஞ்சலம், விரைவில் நீங்கிவிடும், போட்டியில்லாத இப்பதவியை விட்டுவிட்டுப் பின்னர் ஏங்கினால் திரும்பக் கிடைக்காது என்று ஷைத்தான் ஓதுவான். ஹிஜ்ரி 488 ரஜபு மாதம் (கி.பி. 1095) தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதங்கள் இந்த இழுபறி நீடித்தது.

முடிவில் நா கட்டுண்டது. தம்மை நாடி வந்த மாணவர்களின் மனம் குளிர ஒரு நாளாவது பாடம் நடத்த முயன்றார்கள். ஒரு சொல்லும் எழவில்லை. துயரம் உள்ளத்திலிருந்து உடலுக்கு இறங்கியது. கஞ்சியும் உள்ளே செல்லவில்லை. நோய் உள்ளத்தில் தோன்றி உடலைப் பிடித்திருக்கிறது, உள்ளத்தின் பாரம் இறங்கினாலன்றி மருந்து பலிக்காது என்று ஹகீம்கள் கைவிட்டார்கள். மனத்தின் துயர் உடலை வாட்டும் என்பதை இன்றைய மருத்துவர்களும் ஏற்கிறார்கள். அதைத் தம் உடலிலேயே கண்டு, பின்னர் ‘அல்முன்கித் மினள் ளலால்’ என்னும் தன் வரலாற்று நூலில் இமாமவர்கள் ஒளிவு மறைவின்றி எழுதி வைத்தார்கள்.

வழியற்றவர் அழைப்பதைப் போல அல்லாஹ்வை அழைத்தார்கள். அவன் வழி திறந்தான். தம் மக்களின் உணவுக்குத் தேவையானதை மட்டும் நிறுத்திக்கொண்டு, மீதியைப் பகிர்ந்தளித்தார்கள். உண்மையில் ஷாம் நாட்டுக்குப் போவதாக இருந்தும், கலீஃபாவும் தோழர்களும் தடுத்துவிடக் கூடாதென்று மக்காவுக்குச் செல்வதாக வெளியில் சொன்னார்கள். ஹிஜ்ரி 488 துல்கஅதாவில் பாக்தாதை விட்டுப் புறப்பட்டார்கள். நிஜாமிய்யாவில் தம்பி அஹ்மது கஸ்ஸாலி (ரஹ்) அவ்விடத்தை ஏற்றுப் பாடம் நடத்தினார்கள்.

ஊர் என்ன பேசியது? அதையும் இமாமவர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். தூரத்தில் இருந்தவர்கள், ஆட்சியாளர்களின் கோபத்துக்கு அஞ்சி ஓடுகிறார் என்றார்கள். அருகில் இருந்தவர்களோ, ஆட்சியாளர்கள் கெஞ்சியும் இவர் மறுப்பதைக் கண்டு இது கண்ணேறுதான் என்றார்கள். தீனுக்காக ஒருவர் இப்பதவியைத் துறக்கக்கூடும் என்று ஈராக்கின் உலமாக்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏனெனில் அந்தப் பதவியே தீனின் உச்சி என்று அவர்கள் எண்ணியிருந்தார்கள்!

தனிமையில் கண்டவை

திமிஷ்க் நகரின் உமவீ பள்ளிவாசலில், மினாராவின் மேலேறிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பகல் முழுவதும் தனித்திருந்தார்கள். பைத்துல் முகத்தஸில் பாறைக் குவிமாடத்தினுள் தனித்திருந்தார்கள். நபி இப்ராஹீம் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் அடங்கியிருக்கும் ஹலீல் நகரில், சுல்தான்களின் சபைக்குச் செல்வதில்லை, அவர்களின் பணத்தைப் பெறுவதில்லை, விவாத மேடை ஏறுவதில்லை என்று உறுதி பூண்டார்கள். ஹஜ்ஜை நிறைவேற்றினார்கள். பின்னர் மக்களின் அழைப்பு அன்னாரைத் தாயகத்துக்கு இழுத்தது. துறவு பூண்ட நெஞ்சிலும் பிள்ளைப் பாசம் இருந்ததை மறைக்காமல் எழுதினார்கள்.

இக்காலத்தின் கனிதான் ‘இஹ்யா உலூமித்தீன்’. நான்கு பகுதிகள், ஒவ்வொன்றிலும் 10 நூல்கள், ஆக 40. வணக்கங்கள், அன்றாட வாழ்வின் பழக்கங்கள், அழிவில் தள்ளும் குணங்கள், ஈடேற்றம் தரும் குணங்கள் என்பது வரிசை. கோபம், பொறாமை, கருமித்தனம், பெருமை, பதவி மோகம், முகஸ்துதி ஆகிய ஒவ்வொன்றும் எங்கே பிறக்கிறது, எந்த வேடத்தில் வருகிறது, என்ன மருந்து என்று ஒரு ஹகீம் நாடி பிடிப்பதைப் போல அன்னார் விவரிக்கிறார்கள்.

முகஸ்துதி என்னும் ரியாவைப் பற்றிய பகுதியை மட்டும் பாருங்கள். ரியா ஐந்து வழிகளில் வெளிப்படும் என்கிறார்கள்: உடலின் மெலிவைக் காட்டுதல், உடையின் எளிமையைக் காட்டுதல், பேச்சு, செயல், தம்மைச் சுற்றி வரும் கூட்டத்தைக் காட்டுதல். இவை யாவும் கண்ணுக்குத் தெரிபவை. எறும்பு ஊர்வதைவிட மறைவான ரியா ஒன்றும் உண்டு. ஒருவர் தம் அமலை மறைக்கவே செய்கிறார். பிறர் அறிவதை விரும்பவும் இல்லை. ஆயினும் பிறர் தமக்கு முந்தி ஸலாம் சொல்ல வேண்டும், சபையில் இடம் விட வேண்டும், கடையில் விலை குறைத்துத் தர வேண்டும் என்று உள்ளம் எதிர்பார்க்கிறது. யாராவது குறை வைத்தால் மனம் சுருங்குகிறது. அந்த மறைவான இபாதத்துக்கு அவர் மக்களிடம் கூலி எதிர்பார்த்திருக்கிறார் என்பது அச்சுருக்கத்தில் வெளிப்பட்டு விடுகிறது. மற்றவர் அறியாத அமலுக்கும் உள்ளம் கூலி கேட்கும் என்று கண்ட கண் எவ்வளவு கூர்மையானது!

அப்படியானால் ரியாவுக்கு அஞ்சி அமலை விட்டுவிடலாமா? கூடாது, அது ஷைத்தானின் மற்றொரு வலை என்று எச்சரிக்கிறார்கள். வெளியூரில் தஹஜ்ஜுத் தொழுவோருடன் தங்கும் ஒருவர், வழக்கமில்லாதிருந்தும் அவர்களோடு எழுந்து தொழுகிறார். இது ரியாவா, நல்லவர்களின் சேர்க்கையால் பிறந்த ஆர்வமா? இமாமவர்கள் ஓர் உரைகல்லைத் தருகிறார்கள். அவர்களை நீ ஒரு திரைக்கு அப்பாலிருந்து பார்க்கிறாய், அவர்கள் உன்னைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள். அப்போதும் தொழ உன் உள்ளம் விரும்புமா என்று கேட்டுக்கொள். விரும்பினால் தொழு.

கண்களின் படம்

நம் காலத்து ஆய்வு ஒன்றை இவ்விடத்தில் குறிப்பிடுவது பொருந்தும். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் மூவர் 2006-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள. தேநீர் அறை ஒன்றில் காப்பியோ தேநீரோ எடுப்பவர்கள் அதற்குரிய காசைத் தாமாகவே பெட்டியில் போட வேண்டும், கண்காணிக்க ஆளில்லை. விலைப்பட்டியலின் மேல் ஒரு வாரம் மலர்களின் படமும் மறுவாரம் மனிதக் கண்களின் படமுமாக 10 வாரங்கள் மாற்றி மாற்றி வைத்தார்கள். கண்களின் படம் இருந்த வாரங்களில், அருந்திய அளவுக்குச் சேர்ந்த காசு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது! இதைப் போலப் பின்னர் நடந்த சோதனைகள் அனைத்தும் ஒரே முடிவைத் தரவில்லை. எனினும், பார்வை படும்போது மனிதன் மாறுகிறான் என்பது நம் அனைவருக்கும் அனுபவமே.

காகிதத்தில் அச்சிட்ட கண் ஒருவனைக் காசு போட வைக்குமானால், உறங்காத ஒரு பார்வை எப்போதும் தன்மீது இருக்கிறது என்று உணர்ந்தவனின் நடத்தை எப்படி இருக்க வேண்டும்? இவ்வுணர்வுக்குத்தான் முராகபா என்று பெயர். மனிதக் கண்ணுக்காக நடப்பவன், அக்கண் மூடியதும் மாறிவிடுவான். அல்லாஹ் பார்க்கிறான் என்று நடப்பவனுக்கு இருட்டும் வெளிச்சமும் ஒன்றே.

இல்லங்களுக்கு உதவும் மருந்து

தன் குறையைத் தானே காண்பது எப்படி? நான்கு வழிகளை இமாமவர்கள் சொல்கிறார்கள். உள்ளத்தின் நோய்களை அறிந்த ஒரு ஷைகிடம் அமர்வது முதலாவது. உண்மை பேசும் நண்பரைத் தன்மீது காவலராக நியமிப்பது இரண்டாவது. பகைவரின் நாவிலிருந்து கற்பது மூன்றாவது. புகழும் நண்பரைவிடக் குறை தேடும் பகைவரால் சில வேளை அதிகப் பயன் உண்டு. ஜுர்ஜான் பாதையின் கொள்ளையன் இங்கே நம் நினைவுக்கு வருகிறான் அல்லவா? மக்களுடன் பழகும்போது அவர்களிடம் காணும் குறை தன்னிடமும் உண்டா என்று தேடுவது நான்காவது.

குணம் மாறாது என்று சொல்வோரை இமாமவர்கள் ஏற்கவில்லை. காட்டு மிருகமே பழக்கத்தால் அடங்குகிறது. மனிதன் மாறமாட்டான் என்றால் உபதேசம் எதற்கு? அழகாக எழுதும் கலை கைவர விரும்புகிறவன் முதலில் சிரமப்பட்டு எழுதிப் பழகுகிறான். பின்பு அதுவே அவனுக்கு இயல்பாகிறது. கருமித்தனம் உள்ளவனும் அப்படியே மனம் ஒப்பாத நிலையிலும் கொடுத்துக் கொடுத்துப் பழகினால் ஈகை அவன் குணமாகிவிடும்.

குழந்தை வளர்ப்பிலும் அன்னாரின் பார்வை நுட்பமானது. பிள்ளை முதல் முறை ஒரு தவறு செய்து அதை மறைக்க முயன்றால், பெற்றோர் அதைக் காணாதது போல் விட்டுவிட வேண்டும். மீண்டும் செய்தால் தனிமையில் கண்டிக்க வேண்டும். ஓயாமல் ஏசினால் ஏச்சு அவனுக்குப் பழகிப்போய் சொல்லின் மதிப்பு அழிந்துவிடும். ஓதி முடித்த பிள்ளையை விளையாட விட வேண்டும். விளையாட்டைத் தடுத்து ஓயாமல் ஓதச் சொன்னால் உள்ளம் செத்துவிடும் என்றும் கூறுகிறார்கள். மக்தபுக்குப் பிள்ளைகளை அனுப்பும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இஹ்யா விமர்சனத்துக்குத் தப்பியதில்லை. கி.பி. 1109-ல் ஸ்பெயினின் குர்துபா நகரில் அதைப் பகிரங்கமாக எரித்தார்கள். அதிலுள்ள ஹதீதுகளில் பலவீனமானவை உண்டென்று முஹத்திதுகள் கூறினார்கள். ஹாஃபிள் இராகீ (ரஹ்) அவற்றின் தரத்தை ஆராய்ந்து தனி நூலே எழுதினார்கள். எரித்த கைகள் மறைந்தன, நூல் நிலைத்தது.

மீண்டும் மத்ரஸாவில்

11 ஆண்டுகளுக்குப் பின், ஹிஜ்ரி 499-ல் (கி.பி. 1106) நிஜாமுல் முல்க்கின் மகனான வஜீர் ஃபக்ருல் முல்க்கின் வற்புறுத்தலின்பேரில் நிஷாப்பூரின் நிஜாமிய்யாவில் மீண்டும் பாடம் நடத்தினார்கள். விட்ட இடத்துக்கே திரும்பிவிட்டாரே என்று சிலர் எண்ணக்கூடும். இமாமவர்களோ, முன்பு தாம் போதித்தது பதவியைப் பெற்றுத் தரும் கல்வி என்றும், இப்போது போதிப்பது பதவியைத் துறக்கச் செய்யும் கல்வி என்றும் விளக்கினார்கள். அத்துடன் தம் நிய்யத்து முற்றிலும் தூய்மையடைந்துவிட்டது என்று முத்திரை குத்தவும் இல்லை. தம்மைச் சீர்படுத்துமாறு அல்லாஹ்விடம் துஆச் செய்தார்கள். வேலை அதே வேலைதான். வேறுபாடு முழுவதும் நிய்யத்தில் இருந்தது. ஸஹீஹுல் புகாரீயின் முதல் ஹதீதே நிய்யத்தைப் பற்றியதாக அமைந்திருப்பதன் பொருளை அன்னாரின் வாழ்க்கை நமக்கு விளக்குகிறது.

பின்னர் தூஸுக்குத் திரும்பி, வீட்டுக்கு அருகில் ஒரு மத்ரஸாவையும் ஒரு கான்காவையும் நடத்தினார்கள். ஹிஜ்ரி 505 ஜுமாதல் ஆகிர் 14 (கி.பி. 1111 டிசம்பர்) திங்கட்கிழமை, ஸுபுஹு நேரத்தில் ஒளுச் செய்து தொழுதுவிட்டு, கஃபன் துணியைக் கேட்டு வாங்கி, முத்தமிட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டு, கிப்லாவை நோக்கிப் படுத்தார்கள், பொழுது விடியுமுன் உயிர் பிரிந்தது. தம்பி அஹ்மது (ரஹ்) இவ்வாறு அறிவித்ததாக இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள்.

வாசகர்களே! பள்ளிவாசலுக்கு மின்விசிறி கொடுத்தால் இறக்கையில் பெயர் எழுதுகிறோம். ரமளானில் ஜகாத் கொடுக்க ஏழைகளைத் தெருவில் வரிசையாக நிறுத்துகிறோம். ஹஜ்ஜுக்குப் புறப்பட்டால் சுவரொட்டி ஒட்டுகிறோம். பயான் முடிந்ததும் கூட்டம் எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கும் சோதனை மேடையேறும் ஆலிம்களுக்கு உண்டு. இவற்றைச் செய்கிறவர்களின் உள்ளத்துக்குத் தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. பிறரைத் தூண்டும் நோக்கத்துடன் வெளிப்படையாகத் தருமம் செய்வதற்கும் மார்க்கத்தில் இடமுண்டு. ஆகவே அண்டை வீட்டாரின் நிய்யத்தை ஆராயக் கஸ்ஸாலியைக் கையில் எடுப்பவர் கஸ்ஸாலியைப் புரிந்துகொள்ளவில்லை. அன்னார் தந்த உரைகல் தன்னை மட்டும் உரசிப் பார்ப்பதற்கு உரியது.

இஹ்யாவில் இமாமவர்கள் நஃப்ஸை ஒரு வியாபாரக் கூட்டாளிக்கு ஒப்பிடுகிறார்கள். முதலைக் கொடுக்கும்போது கூட்டாளியுடன் நிபந்தனை பேசுகிறோம். வியாபாரம் நடக்கையில் கண்காணிக்கிறோம். முடிவில் கணக்குப் பார்க்கிறோம். அவ்வாறே ஸுபுஹுக்குப் பின் நஃப்ஸுடன் நிபந்தனை பேசி, பகலில் கண்காணித்து, இரவில் கணக்குக் கேட்க வேண்டும். கடையைச் சாத்துமுன் காசுக்குக் கணக்குப் பார்க்கும் நாம், படுக்கைக்குப் போகுமுன் அன்றைய சிறந்த அமல் ஒன்றை எடுத்து, இதை யாருக்காகச் செய்தேன் என்று ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும். தொடக்கத்துக்கு அது போதுமானது.

நம் அமல்களை அவனுக்கென்றே தூய்மையாக்கி வைக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.